மெட்ராஸ் வீட்டுக்குள் வந்த சரக்குகள்

1958 ஜனவரி 14, பொங்கல் நாள். அன்று காலை ‘தி இந்து’ நாளிதழைப் பிரித்தவர்களுக்கு ஒரு புதுமை காத்திருந்தது. முதல் பக்கத்தில் செய்தி! அதுவரை முதல் பக்கம் விளம்பரங்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. சோப்பு, தைலம், கைக்கடிகாரம், கிராமபோன், துணி, கப்பல் புறப்படும் நாள் எல்லாவற்றையும் தாண்டித்தான் வாசகர் உலக நடப்புக்குள் போக முடியும்.

பழைய பத்திரிகையைப் புரட்டும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் தலையங்கத்தையும் அரசியல் செய்தியையும் தேடுகிறார்கள். விளம்பரத்தைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். ஆனால் அரசாங்க ஆவணங்களுக்குச் சமையலறையும் பரணும் தெரியாது. நம் கொள்ளுப்பாட்டி எந்த விளக்கை ஏற்றினார், எந்தப் பாத்திரத்தில் சமைத்தார், குழந்தைக்கு வயிறு வலித்தால் எதைப் புகட்டினார் என்று கேட்டால், பதில் அந்த விளம்பரப் பத்திகளில்தான் இருக்கிறது. இன்னொன்றும் அங்கே இருக்கிறது. இந்தப் பட்டணத்துப் பத்திரிகைகளுக்கு முதல் போட்டது யார் என்ற கணக்கு அது.

கப்பல் வந்தது, கடை விரிந்தது

மெட்ராஸின் முதல் பத்திரிகை ‘மெட்ராஸ் கூரியர்’. 1785-இல் ரிச்சர்ட் ஜான்ஸ்டன் தொடங்கிய வார இதழ். கோட்டைக்குள்ளும் சுற்றியிருந்த தோட்ட பங்களாக்களிலும் வாழ்ந்த வெள்ளைக்காரர்கள்தான் அதன் வாசகர்கள். லண்டன் பத்திரிகைகளிலிருந்து எடுத்துப் போட்ட செய்திகள் மாதக்கணக்கில் பழசாகியிருக்கும். விளம்பரம் மட்டும் அன்றன்றைக்குப் புதியது. ஏனென்றால் சரக்கு வந்த கப்பல் கடலில் கண்ணெதிரே நின்றுகொண்டிருக்கும்.

கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் தலைவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் கம்பெனிச் சரக்கோடு தங்கள் சொந்தச் சரக்கையும் குறிப்பிட்ட அளவுக்கு ஏற்றிவர அனுமதி இருந்தது. இங்கிலாந்தை விட்டு ஆறு மாதமாகக் கடலில் வந்தவர், கரை சேர்ந்ததும் அதை விற்றுக் காசாக்கியாக வேண்டும். மதெய்ரா ஒயின், உப்பிட்ட பன்றித் தொடை, பாலாடைக்கட்டி, தொப்பி, காலணி, முகக்கண்ணாடி, இசைக்கருவி என்று பட்டியல் போட்டு விளம்பரம் வரும். அந்தச் சரக்குகளை விற்கும் இடங்களுக்கு ‘ஐரோப்பா கடை’ என்று பெயர்.

மெட்ராஸுக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். இடையில் இருக்கும் கடலைத் தாண்டிக் கொண்டுவந்தவர்கள் மசூலா படகுக்காரர்கள். ஆணியே அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதும்போது பலகைகள் வளைந்து கொடுக்கும், உடையாது. இங்கிலாந்தின் உறுதியான படகுகள் சிதறிப்போன அந்த அலையில், தைத்த படகு மிதந்தது. கட்டுமரக்காரர்கள் கப்பலுக்கும் கரைக்கும் கடிதம் சுமந்தார்கள். கவிழ்ந்த படகிலிருந்து விழுந்தவர்களை மீட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் துறைமுகம் கட்டி முடிக்கப்படும் வரை, மெட்ராஸில் விற்ற ஒவ்வொரு சீமைக் கண்ணாடிக் கோப்பையும் இந்தக் கடலோர மக்களின் கைகளைக் கடந்துதான் வந்தது. கோப்பைகள் விளம்பரத்தில் இடம்பெற்றன. அவர்கள் இடம்பெறவில்லை.

ஏல அறிவிப்புகளைப் படிப்பது இன்னும் கனமான அனுபவம். ஊர் திரும்பும் துரையின் வீட்டுச் சாமான் ஏலம். காய்ச்சலில் இறந்துபோன அதிகாரியின் உடைமைகள் ஏலம். கட்டில், மேசை, வெள்ளிக் கரண்டி, குதிரை, பல்லக்கு எல்லாம் ஒரே அறிவிப்பில் வரும். இறந்தவரின் சாப்பாட்டு மேசையில் அடுத்த மாதம் இன்னொருவர் உட்கார்ந்து சாப்பிடுவார். கல்கத்தாவில் 1780-இல் தொடங்கிய ஹிக்கியின் ‘பெங்கால் கெஜட்’டில் பொருட்களோடு அடிமை மனிதர்களை விற்கும் விளம்பரங்களும் வந்தன. ஒயினுக்கும் மனிதனுக்கும் ஒரே அச்செழுத்து, ஒரே பத்தி. காலனி நகரத்தின் அழகிய பொருட்களைப் பற்றிப் பேசும்போது இதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

பாஸ்டனிலிருந்து வந்த பனிக்கட்டி

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலேற்றினார். 1833-இல் ‘டஸ்கனி’ என்ற கப்பல் சுமார் 180 டன் பனிக்கட்டியுடன் கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நான்கு மாதப் பயணத்தில் உருகியது போக, ஏறக்குறைய 100 டன் வந்து சேர்ந்தது. பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்த பனிக்கட்டி அது!

மெட்ராஸ் கடற்கரையில் 1842 வாக்கில் டியூடருக்காக ஒரு சேமிப்புக் கிடங்கு எழுந்தது. அதுதான் ஐஸ் ஹவுஸ். தடித்த சுவர்களும் வட்ட முகப்பும் கொண்ட அந்தக் கட்டடத்திலிருந்துதான் துரைமார் வீட்டு விருந்துக்குப் பனிக்கட்டி போகும். வெயிலில் வெந்துகொண்டிருந்த ஊரில் இதைவிட வேகமாக விற்கக்கூடிய பண்டம் வேறு என்ன இருந்திருக்க முடியும்? 1874-இல் நீராவி இயந்திரத்தால் பனிக்கட்டி தயாரிக்கும் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி மெட்ராஸிலேயே தொடங்கியதும் பாஸ்டன் வியாபாரம் படுத்துவிட்டது. கிடங்கு கைமாறி வீடானது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியது அந்த வீட்டில்தான். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

மவுண்ட் ரோடு என்னும் கண்ணாடி அலமாரி

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும், மாதக்கணக்கில் நீண்ட பயணம் சில வாரங்களாகச் சுருங்கியது. கப்பல் வரும்போது மட்டும் விரியும் கடைக்குப் பதிலாக, ஆண்டு முழுவதும் சரக்கு நிறைந்திருக்கும் பெருங்கடைகள் வந்தன. மவுண்ட் ரோடு அவற்றின் தெருவானது. 1844-இல் ஏபல் ஜோசுவா ஹிக்கின்பாதம் தொடங்கிய புத்தகக் கடை, குதிரை வண்டி செய்த சிம்ப்சன், கடிகாரமும் நகையும் விற்ற பி. ஓர் அண்ட் சன்ஸ், ஓக்ஸ், எல்லோரையும் விடப் பெரிதாக வளர்ந்த ஸ்பென்சர்.

1863-இல் சிறிய கடையாகத் தொடங்கிய ஸ்பென்சரை யூஜின் ஓக்ஷாட் என்பவர் கையிலெடுத்து வளர்த்தார். 1890களில் அந்தக் கடைக்காக எழுந்த செந்நிறக் கட்டடம், 1983-இல் தீக்கிரையாகும் வரை மவுண்ட் ரோட்டின் அடையாளமாக நின்றது. அங்கே கிடைக்காத பொருள் இல்லை என்பது ஊர்ப் பேச்சு. ஹண்ட்லி அண்ட் பால்மர்ஸ் பிஸ்கட் தகர டப்பாக்களில் வரும். பியர்ஸ் சோப்பு, மெல்லின்ஸ் குழந்தை உணவு, ஜாம், சோடா என்று எதைக் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். பட்லர் சீட்டு எழுதிக்கொண்டு போவார், கணக்கில் எழுதிக்கொள்வார்கள், மாதக் கடைசியில் பில் வரும். வைட்அவே லெய்ட்லா கடை மட்டும் கடன் கிடையாது, ரொக்கம்தான் என்று பிடிவாதமாக நின்றது. அந்தக் கடையின் கட்டடத்தில் பிறகு தேசியம் பேசிய ‘சுதேசமித்திரன்’ நாளிதழ் இயங்கியது என்பதை நினைக்கும்போது இந்தத் தெருவின் மீது எனக்குத் தனிப் பிரியம் வருகிறது.

இந்தக் கடைகள் சீமைச் சரக்கை மட்டும் விற்றதாக எண்ணிவிடக் கூடாது. ஸ்பென்சரின் பெருமைக்குரிய பண்டம் திண்டுக்கல்லில் சுருட்டிய சுருட்டு. திருச்சிச் சுருட்டு என்ற பெயரில் அந்தப் புகையிலை லண்டன் வரை போயிருந்தது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுவார். பி. ஓர் கடையின் ‘ஸ்வாமி’ வெள்ளிச் சாமான்களும் அப்படித்தான். ஆங்கிலேயரின் தேநீர்க் குடுவையிலும் பால் கிண்ணத்திலும் நம் தெய்வ உருவங்களைப் புடைப்பாக வார்த்துத் தந்தார்கள் மெட்ராஸ் தட்டார்கள். 1875-இல் வேல்ஸ் இளவரசர் வந்தபோது அந்த வேலைப்பாட்டுக்குப் பெரும் புகழ் கிடைத்தது. கடையின் பெயர் பொருளின் அடியில் முத்திரையாக இருக்கிறது. அதைச் செதுக்கிய ஆசாரியின் பெயர் எந்த விளம்பரத்திலும் இல்லை.

காலணா கார்டு செய்த புரட்சி

இதுவரை சொன்னதெல்லாம் துரைமாரும், அவர்களை ஒட்டி வாழ்ந்த சில செல்வந்தரும் வாங்கிய பொருட்கள். தஞ்சாவூர் அக்கிரகாரத்துக்கும் திருநெல்வேலிக் கடைத்தெருவுக்கும் செட்டிநாட்டு வளவுக்கும் விளம்பரம் எப்போது போய்ச் சேர்ந்தது? தபால்காரரின் பையில்தான் போனது.

1877-இல் அஞ்சல் துறை வி.பி.பி. முறையைத் தொடங்கியது. சரக்கு முதலில் வரும். தபால்காரரிடம் பணத்தைக் கட்டிப் பெற்றுக்கொள்ளலாம். 1879-இல் கால் அணாவுக்கு அஞ்சலட்டை வந்தது. 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட ரயில் அதற்குள் தென்னாடு முழுக்கப் பரவியிருந்தது. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தபோது, ஜார்ஜ் டவுனில் ஒரு மாடியறையும் ஒரு தபால் பெட்டி எண்ணும் வைத்திருந்தவர்கூட மாகாணம் முழுக்க வியாபாரம் செய்ய முடிந்தது. காலணா கார்டு போட்டால் கேட்லாக் இலவசமாக வீடு தேடி வரும். மின்வசதி வராத ஊரில் சிம்னி விளக்கொளியில் அந்தக் கேட்லாக்கைக் குடும்பமே சுற்றி உட்கார்ந்து பார்க்கும். கைக்கடிகாரம், பவுண்டன் பேனா, கூந்தல் தைலம், ஆர்மோனியம், கவரிங் நகை, ஜோதிடப் புத்தகம் எதுவாக இருந்தாலும் கடைத்தெருவுக்குப் போகாமலே வாங்கலாம். கடைத்தெருவுக்குப் போக வாய்க்காத பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! விதவிதமான பொருட்களைத் தாங்களே பார்த்து, தாங்களே தேர்ந்தெடுக்க அவர்களுக்குக் கிடைத்த முதல் கடை அந்தக் காகிதக் கடைதான்.

இதே வழியில் மோசடியும் வந்தது. சகல நோய்க்கும் ஒரே மாத்திரை, தாது புஷ்டி லேகியம், வசிய மோதிரம் என்று பத்திகள் நிரம்பின. நோயைச் சொல்வதற்கு முன் பயத்தை ஊட்டுவார்கள். பிறகு ஜமீன்தார்களும் வக்கீல்களும் தந்ததாக நற்சான்றுகளை அடுக்குவார்கள். டாக்டர் இல்லாத கிராமத்தில், வெளியே சொல்லக் கூசிய நோயோடு தவித்த எத்தனையோ ஏழைகள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசை இந்தப் புட்டிகளுக்குக் கொடுத்தார்கள். 1954-இல் ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்குள் இரண்டு தலைமுறை ஏமாந்துவிட்டது. இதில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. விளம்பரக் காசு வந்தது, அச்சிட்டார்கள்.

தைலக் காசில் பிறந்த பத்திரிகைகள்

ஆனால் அதே காசு வேறொன்றையும் செய்தது. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தயாரிக்கத் தொடங்கினார். ஒரு புட்டி பத்து அணா. இசைக் கச்சேரிகளுக்கு வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார். தலைவலி தீர்ந்தவர்கள் காசு கொடுத்து வாங்க வந்தார்கள். அந்த வருமானத்தில் 1908-இல் ‘ஆந்திர பத்திரிகா’ வார இதழைத் தொடங்கினார். 1914-இல் மெட்ராஸுக்கு வந்து அதை நாளிதழாக்கினார். விடுதலைப் போராட்டத்துக்கும் ஆந்திர மாநிலக் கோரிக்கைக்கும் குரலாக இருந்த அந்தப் பத்திரிகைக்குப் பின்னால் நின்றது மஞ்சள் நிறத் தைலம். 1937-இல் ஆந்திரத் தலைவர்கள் ஸ்ரீபாக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது மயிலாப்பூரில் இருந்த அவர் வீட்டில்தான். லஸ்ஸில் மாலை நடைக்குப் போகும் முதியவர்கள் இன்றும் அவர் பெயர் தாங்கிய பூங்காவைத்தான் சுற்றி வருகிறார்கள்.

கே.என். கேசரி கதையும் இதே போக்குதான். அவருடைய கேசரி குடீரம் பெண்களுக்கான ‘லோத்ரா’ மருந்தை நாடெங்கும் விற்றது. அந்த வருமானத்தில் அவர் ‘கிருகலட்சுமி’ என்ற தெலுங்குப் பெண்கள் பத்திரிகையை நடத்தினார், பள்ளியும் நடத்தினார்.

தமிழில் இந்தக் கதையின் நாயகர் எஸ்.எஸ். வாசன். திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்த ஏழைப் பிள்ளை. பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் தொழிலும், தபால் மூலம் பொருள் விற்கும் தொழிலும் செய்தார். எந்த வாசகம் கார்டு எழுத வைக்கும், எந்தப் படம் கண்ணைப் பிடிக்கும், விழுப்புரத்துக்கு அப்பால் வாழும் குடும்பம் எதற்குக் காசு செலவழிக்கும் என்பதெல்லாம் அவர் தினமும் கட்டிய பார்சல்களில் கற்றுக்கொண்ட பாடம். 1928-இல் தள்ளாடிக்கொண்டிருந்த ‘ஆனந்த விகட’னை வாங்கினார். கதை, நகைச்சுவை, அட்டைப்படம், போட்டிகள் என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஏதாவது ஒன்று வைத்து அதைத் தமிழ்நாட்டின் குடும்பப் பத்திரிகையாக்கினார். கல்கியின் எழுத்து அங்கே மலர்ந்தது. தமிழ் வாராந்தரியின் வடிவத்தை இலக்கியவாதிகள் தந்தார்கள் என்று சொல்வது வழக்கம். பாதி வடிவம் கேட்லாக்கிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். எழுதியவர்களின் பெருமையை அது குறைத்துவிடாது. வாசகரின் வீடு எப்படிப்பட்டது என்று முதலில் தெரிந்து வைத்திருந்தவர் ஒரு வியாபாரி, அவ்வளவுதான்.

பாத்திரம், விளக்கு, தீப்பெட்டி

வீட்டுக்குள் நடந்த மாற்றத்துக்கு வருவோம். 1898-இல் மெட்ராஸ் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியத் தகட்டைத் தட்டிப் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். பரம்பரைக் கன்னார்களின் கைத்திறனும் புது உலோகமும் கூடின. 1900-இல் இந்தியன் அலுமினியம் கம்பெனி மெட்ராஸில் உருவானது. பித்தளைக்கு அடிக்கடி ஈயம் பூச வேண்டும், கலாய்க்காரர் வர வேண்டும். அலுமினியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, விலையும் குறைவு, எடையும் குறைவு. கொஞ்ச காலத்திலேயே ஏழை வீட்டு அடுப்பில் அது ஏறிவிட்டது. பித்தளையை அடகு வைக்கலாம், அலுமினியத்தை யாரும் அடகு பிடிக்க மாட்டார்கள் என்பதைப் பெண்கள் பிறகு உணர்ந்திருப்பார்கள். பாத்திரமும் சேமிப்பாக இருந்த காலம் அங்கே முடியத் தொடங்கியது.

விளக்கெண்ணெயும் வேப்பெண்ணெயும் எரிந்த இடத்துக்கு மண்ணெண்ணெய் வந்தது; கூடவே அரிக்கேன் விளக்கு வந்தது. எண்ணெய் வந்த சதுரத் தகர டின்னை யாரும் தூக்கி எறியவில்லை. தண்ணீர் சுமக்கவும், அரிசி போட்டு வைக்கவும், வெட்டி விரித்துக் கூரை வேயவும் அது பயன்பட்டது. இந்த மறுவாழ்வைப் பற்றி எண்ணெய்க் கம்பெனிகள் ஒரு விளம்பரமும் செய்யவில்லை. மக்கள் தாங்களே கண்டுபிடித்தது அது.

தையல் இயந்திரம் வேறொரு பாடத்தைக் கொண்டுவந்தது: தவணை. சிங்கர் கம்பெனி மாதாமாதம் கொஞ்சமாகக் கட்டும் முறையில் தன் இயந்திரத்தை உலகெங்கும் விற்றது, இங்கேயும் அப்படித்தான். கைம்பெண்கள் பலருக்கு அந்த இரும்புச் சக்கரம் சோறு போட்டது.

தீப்பெட்டி சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். சிவகாசியின் அச்சுத் தொழில் அப்படித்தான் வேர்விட்டது. பிற்காலத்தில் நாடு முழுவதற்கும் காலண்டர் அச்சிட்ட ஊராக அது வளர்ந்தது. வீட்டுச் சுவரில் தெய்வப் படத்துக்கு அடியில் கம்பெனி பெயர் தாங்கிய காலண்டர் தொங்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. 1894-இல் ராஜா ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் லட்சுமியும் சரஸ்வதியும் வண்ணத்தில் வீடுகளுக்கு வந்தார்கள். உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் விற்ற கம்பெனி குழந்தைக் கண்ணன் படத்தோடு காலண்டர் போட்டது. 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்த மருந்து, யசோதையின் வீட்டு மருந்தாக நம் பூஜையறைச் சுவருக்கு வந்துவிட்டது.

1905-இல் சுதேசி இயக்கம் மூண்டதும் விளம்பரத்தின் குரலே மாறியது. சீமைச் சரக்கு என்று பெருமையாகச் சொன்ன இடத்தில், நம் நாட்டில் நம்மவர் செய்தது என்று சொல்வது பெருமையானது. 1906-இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கினார். துணி, சோப்பு, பேனா, மை என்று ஒவ்வொன்றுக்கும் நாட்டுப்பற்று ஒட்டிக்கொண்டது. விலங்குக் கொழுப்பு கலக்காத சோப்பு என்று கோத்ரெஜ் விற்றபோது ஆசாரமும் சுதேசியும் ஒரே கட்டியில் சேர்ந்தன. 1916-இல் விருதுநகரில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் பானத்தின் பெயரிலேயே ஊர்த் தெய்வம் இருந்தாள்.

தேயிலை மட்டும் வேறு விதமாக வந்தது. உலகச் சந்தையில் விலை சரிந்தபோது, தோட்ட முதலாளிகள் இந்தியரையே குடிக்க வைக்கக் கிளம்பினார்கள். 1903 முதல் ஏற்றுமதித் தேயிலை மீது வசூலான வரி இந்தப் பிரசாரத்துக்குச் செலவானது. 1930களில் ஊர் ஊராக வண்டி அனுப்பி, இலவசமாகத் தேநீர் ஊற்றி, எப்படிப் போடுவது என்று செய்து காட்டினார்கள். பத்திரிகை விளம்பரத்தில் பட்டுப்புடவைப் பெண் புன்னகையோடு கோப்பையை நீட்டுவாள். அந்த இலையைக் கிள்ளிய தமிழ்ப் பெண்கள் ஆனைமலைத் தோட்டங்களில் கங்காணியின் பிரம்புக்கும் மலேரியாவுக்கும் நடுவே வாழ்ந்தார்கள். பி.எச். டேனியல் ‘ரெட் டீ’ நாவலில் அதை எழுதிய பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. அது வெளிவந்த ஆண்டு 1969.

கிழித்தெறியப்பட்ட பக்கங்கள்

இத்தனையும் சொல்லக்கூடிய பக்கங்கள் இன்று எங்கே? பழைய மாத இதழ்களைப் பைண்டு செய்தபோது பல நூலகங்கள் அட்டைகளையும் விளம்பரத் தாள்களையும் கழற்றிவிட்டே தைத்தன. கதையும் கட்டுரையும் இருந்தால் போதும் என்று நினைத்தார்கள். கேட்லாக்குகளின் கதி இன்னும் மோசம். கடலை மடிக்கவும் அடுப்புப் பற்றவைக்கவும் போய்விட்டன.

தப்பியதில் பெரும்பங்கு ஒரு தனி மனிதரால் தப்பியது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார் தமிழில் அச்சான எதையும் விடாமல் சேர்த்தார். புத்தகம், பத்திரிகை மட்டுமல்ல. நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கைப்பிரதி, விளம்பரத் தாள் எல்லாம். வீடு முழுக்கக் காகிதம். பூச்சி அரிக்காமல் காக்க அவரே வழிகள் கண்டார். 1992-இல் அவர் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக நிறுவியது. ஒரு லட்சம் அளவிலான அந்தச் சேகரத்தில் இன்று ஆய்வு மாணவர்கள் கூந்தல் தைலத்தையும் கிராமபோன் தட்டையும் தேடிப் படிக்கிறார்கள். கடையும் வீடும் பற்றித் தமிழில் எழுதப்பட வேண்டிய நூல்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.

முத்தையா செட்டியார் இளமையில் மெட்ராஸில் செய்த தொழில், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது.